மாட்டேன் என்ற மாடு

வெள்ளக்கல் ஜங்ஷன் ரயில்வே காலனியில் ஓடிப்போனவர்கள் திரும்பி வருவது ஒன்றும் புதிதல்ல. மிலிட்டரியில் சேர்ந்ததாகச் சொல்லப்பட்டவர் சாமியாராகத் திரும்பி வந்திருக்கிறார், சாமியாராகப் போனவர் இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்திருக்கிறார். ஆகவே ஓடிப்போன ஒரு சத்தம் வடக்கேயிருந்து கோதுமை வேகனில் ஏறித் திரும்பி வந்து தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே படுத்துக்கொண்டபோது நாங்கள் கேட்டதெல்லாம், இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது, சாப்பிட்டதா இல்லையா என்பதுதான்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நல்ல கறவை மாடு கால் மடக்கிப் படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடம். வெளியே நின்றால் தூரத்தில் சரக்கு வண்டி பாலம் கடக்கிற முனகலும், பக்கத்துக் குட்டைத் தண்ணீரில் ஒரு நடுக்கமும் மட்டும்தான்; ஓரடி உள்ளே எடுத்து வைத்தாலோ, தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுகிற வேகத்தில் டிரம்ஸ், இரும்பை ரம்பம் அறுக்கிற கிட்டார், அதற்கும் மேலே தொண்டை கிழியக் கத்துகிற ஒரு பெண் குரல், எல்லாம் சேர்ந்து தலைமயிரைப் பின்னுக்குத் தள்ளும். முதலில் உள்ளே போனவள் பால்காரக் கன்னியம்மா. அவளுடைய செவலைப் பசு முந்தின நாள் மேயப் போய்த் திரும்பவில்லை, தேடிக்கொண்டு வந்தவள் தெரியாமல் காலை வைக்க, "மாட்டே மாட்டே மாட்டே" என்று அந்தக் குரல் காதைப் பிளக்க, யாரோ தன் மாட்டைப் பற்றித்தான் சேதி சொல்கிறார்கள் என்று நினைத்து, "எம்மாட்டுக்கு என்னாச்சுமா, சொல்லித் தொலையேன்!" என்று அவளும் பதிலுக்குக் கத்தியிருக்கிறாள். செவலை அன்று சாயங்காலமே தானாக வீடு வந்து சேர்ந்தது, ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. மறுநாளிலிருந்து நாங்கள் அதை மாடு என்றே சொன்னோம்.

மாடு என்று ஆன பிறகு அதை வைத்து வேலை வாங்காமல் இருக்க நாங்கள் என்ன கலெக்டர் வீட்டுப் பிள்ளைகளா? தயிர்ப் பானையை உள்ளே வைத்துவிட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள் வெண்ணெய் திரண்டிருக்கும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற பழமொழி எங்கள் காலனிச் சங்கத் தலைவி பரிமளா வீட்டில் பழமொழியாக இல்லாமல் நிஜமாகவே நடந்தது, அதற்காக அவள் மாட்டைத் திட்டியும் தீர்த்தாள். ஜமக்காளத்தை உள்ளே ஒரு தரம் விரித்து எடுத்தால் நாலு பொங்கலுக்குச் சேர்ந்த தூசி போய்விடும். மூக்கடைப்புக்கு அதைப்போல மருந்து கிடையாது. ஆனால் வெண்ணெயும் ஜமக்காளமும் சில்லறை விஷயம். மாட்டின் பெரிய உபகாரம் வேறு.

எங்கள் குவார்ட்டர்ஸில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் "நூறு" என்பார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையை ஜாடையிலேயே போட்டுப் பழகிய ஜனங்கள் நாங்கள். கையை ஆட்டி, கண்ணை உருட்டி, கரண்டியைப் பாத்திரத்தில் ஒரு தட்டுத் தட்டி, அதோடு முடித்துக்கொள்வோம். இப்போது மாட்டுக்குள் போய் நின்று காதோடு வாய் வைத்துக் கத்தினால், உடன் நிற்பவருக்கு மட்டும் கேட்கும், வெளியே ஒரு சொல் வராது. பத்து வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததையெல்லாம் எல்லோரும் கொண்டுவந்து அங்கே கொட்டினார்கள். வரிசையில் நிற்க ஆரம்பித்தோம். "வா, மாட்டுக்குள்ள போய்ப் பேசிக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் விஷயம் பெரியது என்று அர்த்தம். உள்ளே போனவர்கள் முகம் சிவந்து வெளியே வருவார்கள், சிலர் சிரித்துக்கொண்டு வருவார்கள், காதலிக்கிற பிள்ளைகள் வருவதற்கு நேரமாகும். அப்போது வரிசையில் நிற்பவர்கள் நாகரிகமாக இருமுவோம், அது உள்ளே கேட்காது என்று தெரிந்தும்.

உள்ளே கத்துகிற குரல் யாருடையது என்று எங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு உடனே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை, ஏனென்றால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி எங்கள் நடுவிலேயே, உப்புக் கடன் கேட்கிற குரலில் பேசிக்கொண்டு, தினம் தண்ணீர் பிடிக்க வந்துபோய்க்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் செலின், சிக்னல் கேபின்மேன் மகள். பத்தொன்பது வயதில் அவள் கத்தினால் யார்டில் ஷண்டிங் எஞ்சின் நிற்கும். கொடி காட்டத் தேவையில்லை. அவள் தம்பி மோசஸ், பள்ளிக்கூடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தவன். ஃபிட்டர் மகன் தனபால், சர்ச் கிட்டாரைக் கேட்காமல் எடுத்துப்போய், கேட்ட பிறகும் கொடுக்காமல் வைத்துக்கொண்டவன். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஆங்கிலோ இந்திய டிரைவர் விட்டுச்சென்ற டிரங்குப் பெட்டியில் இந்த மூவரும் அட்டையில்லாத ஒரு கேசட்டைக் கண்டெடுத்தார்கள். நாடா தேய்ந்து அறுந்துபோகும்வரை கேட்டுவிட்டு, இதற்குப் பெயர் பங்க் ராக், இனிமேல் நாங்களும் இதைத்தான் வாசிப்போம் என்று அறிவித்தார்கள். எங்களுக்குப் பங்க் என்றால் பெட்ரோல் பங்க்தான். அதனால் பைபாஸில் புதிதாகத் திறந்த பங்க்குக்கு அவர்களைக் கச்சேரிக்குச் சிபாரிசு செய்தோம், முதல் பாட்டு முடிவதற்குள் வரிசையில் நின்ற லாரிகள் டீசல் போடாமலே கிளம்பிப் போனதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

குழுவின் பெயர் அபாயச் சங்கிலி. ரயில் பெட்டியில் தொங்குமே, காரணமில்லாமல் இழுத்தால் தண்டனை என்று கீழே எழுதியிருக்குமே, அதே சங்கிலி. இவர்கள் காரணமில்லாமல்தான் இழுத்தார்கள். ஒரு டீ ஆறுவதற்குள் நாலு பாட்டு முடிந்துவிடும். அதில் பெரிய பாட்டு 'மாட்டேன்'. அந்த ஒரு சொல்தான் மொத்தப் பாட்டும். யாரிடம் சொல்கிறாள், எதைச் செய்ய மாட்டாள் என்பதெல்லாம் அதில் கிடையாது, ஆகவே ஆளாளுக்கு வேண்டியதை அதில் போட்டுக்கொண்டு ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் நாற்காலி உடையக் குதித்தோம்.

பிறகு செலினும் தனபாலும் கல்யாணம் செய்துகொண்டார்கள். நல்ல ஜோடி, இன்றைக்கும் அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. கல்யாணம் ஆன புதிதில் ஒரு பெரிய அதிகாரி வீட்டு வரவேற்பில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். பெரியவர்கள் சாப்பிடுகிற இடம், இன்றைக்கு மட்டும் மெதுவாக ஒரு மெலடி வாசிப்போமே என்று மேடையில் தனபால் அவளிடம் கேட்டான். மாட்டேன் என்றுதான் அவள் சொன்னாள். ஆனால் சபை, பட்டுப்புடவை, கழுத்தில் புதுத் தாலி, எதிரே மாமியார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லை அவள் மெதுவாகச் சொன்னாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னால் மாட்டேனில் முதல் அரை எழுத்து மட்டும்தான் உதட்டைத் தாண்டும். "ம்" என்று கேட்டது. ம் என்றால் தமிழில் சரி என்று அர்த்தம். தனபால் சந்தோஷமாக மெலடியை ஆரம்பித்தான். அந்த நிமிஷம் ஹாலின் பின்கதவு தானாகத் திறந்து தானாக மூடியதைப் பந்தியில் இருந்த எல்லோரும் பார்த்தோம், காற்று என்று நினைத்து அப்பளத்தைப் பொத்திக்கொண்டோம்.

போனது அவளுடைய சத்தம், பழைய டிரம்ஸையும் கிட்டாரையும் கூடவே கூட்டிக்கொண்டு. அன்றிலிருந்து செலினால் குரலை உயர்த்த முடியவில்லை. அபாயம் என்ற சொல்லைக் கல்யாண வளைவில் யார் எழுதுவார்கள், சங்கிலி மெலடீஸ் என்று மாற்றிக்கொள்வோம், தாலிச் சங்கிலிக்கும் பொருத்தமாக இருக்கும் என்று தனபால் கேட்டபோது அவள் மாட்டேன் என்றாள், "ம்" என்று கேட்டது. கிட்டாரை வைத்துவிட்டுக் கீபோர்டு வாங்குவோமா என்றான். "ம்." டிரம்ஸைத் துணி போட்டு மூடித் தட்டச் சொல்லலாமா என்றான். "ம்." அவன் கொடுமைக்காரன் இல்லை, கேட்டுக் கேட்டுத்தான் செய்தான், இப்படி எதற்கும் ஒத்துப்போகிற மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று எங்களிடம் பெருமையும் பட்டான். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அந்த 'ம்'களை நாங்களும் கேட்டிருக்கிறோம். நாங்களும் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டோம்.

இருபது வருஷத்துக்கும் மேல் இப்படியே போயிற்று. அப்புறம்தான் மாடு வந்தது.

முதலில் கண்டுபிடித்தவன் மோசஸ். அவனுக்குச் சண்டை போட ஆள் இல்லை, மூக்கடைப்புக்காக உள்ளே போனான். போனவன் கொஞ்ச நேரத்தில் கண்ணில் தண்ணீரோடு வெளியே வந்து, வரிசையையெல்லாம் தள்ளிக்கொண்டு அக்காவிடம் ஓடினான்.

"அக்கா, அது நம்ம சத்தம். சத்தியமா நம்மளுது."

"எப்படிடா சொல்ற?" என்றாள் செலின். பக்கத்தில் காதைக் கொண்டுபோனால்தான் அது கேட்கும்.

"மூணாவது சுத்துல ஒரு அடி விட்டுப்போவும். ஒரு தடவை இன்ஸ்டிட்யூட்ல வாசிக்கறப்போ எனக்குத் தும்மல் வந்துச்சு, குச்சி நழுவிடுச்சு. மாமா கிட்டாரை தப்பா வாசிச்சார்னு உங்கிட்ட சொன்னேன் பாரு, பொய். நான்தான். நம்ம தப்பு நமக்குத் தெரியாதா?"

செலின் அன்றைக்குப் போகவில்லை. தொட்டிப் பக்கமே வராமல், தண்ணீர் பிடிக்கக்கூட அடுத்த தெருக் குழாய்க்குப் போனாள். பயம். விட்டுவிட்டுப் போனது ஏன் வந்தது, என்ன கேட்கும் என்ற பயம். பிறகு ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது, தனியாகப் போய் உள்ளே நின்றாள். பத்தொன்பது வயது செலின் அவள் காதில் கத்தினாள். இவள் பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தாள். "ம்" என்றுதான் வந்தது. மாடு அவளை அடையாளம் தெரியாமல் மிரண்டு எழுந்து, தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்த பரிமளா, அப்படி அழுத ஒருத்தியைத் தான் பார்த்ததே இல்லை, அதுவும் சத்தமில்லாமல் என்று பிற்பாடு சொன்னாள்.

அடுத்த முகூர்த்த நாளில் வினை வந்தது. காலனிக்கு எதிரே இருக்கிற குப்புராஜ் மகாலில் வரவேற்பு, சங்கிலி மெலடீஸ் துணி போட்ட டிரம்ஸோடு வந்தவர்களைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தது. மோசஸின் டிரம்ஸ் வண்டி பின்னாலேயே மோப்பம் பிடித்துப் போன மாடு வாசலில் பன்னீர் தெளித்தவளைத் தாண்டி நேராக மேடையேறி மணப்பெண் மேல் படுத்துக்கொண்டது. அந்தப் பெண் மதியத்திலிருந்து போட்டோவுக்குச் சிரித்துச் சிரித்துக் கன்னம் மரத்துப்போய் நின்றவள். கொஞ்ச நேரம் மாட்டுக்குள் நின்றாள். பிறகு மாலையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, "இதுக்கு மேல சிரிக்க மாட்டேன், பசிக்குது" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய் முதல் இலையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையும் பின்னாலேயே போய்ப் பக்கத்து இலையில் உட்கார்ந்தான் என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மகால் முதலாளி குப்புராஜ் மட்டும் கொதித்துப்போனார்.

அவர் இரண்டு காரியம் செய்தார். தெருவில் திரிகிற மாட்டைப் பிடிக்கச் சொல்லி நகராட்சியில் ஆள் பிடித்துச் சொன்னார். தனபாலைக் கூப்பிட்டு, வருஷம் பூரா எல்லா முகூர்த்தமும் உனக்கே, ஆனால் அந்த டிரம்ஸ்காரன் வேண்டாம், அவனால்தான் மாடு வருகிறது, தாளத்துக்கு மெஷின் வைத்துக்கொள் என்றார்.

அன்று வீட்டில் தனபால் மெதுவாகத்தான் பேச்சை எடுத்தான். "மோசஸுக்கு வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கலாம் செலின். அவனும் எத்தனை நாளைக்குத் துணி மேலயே தட்டிக்கினு இருப்பான்? நீ என்னா சொல்ற? சரிதானே?"

தம்பி கொல்லைப்புறத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். செலின் நெஞ்சில் இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு, மாட்டேன் என்று சொன்னாள்.

"ம்" என்று கேட்டது.

"அதான் பார்த்தேன். உனக்குப் புரியும்னு எனக்குத் தெரியும்" என்றான் தனபால். மோசஸ் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். தன் சொந்தத் தம்பியே அதைச் சரி என்று எடுத்துக்கொண்டதைத்தான் செலினால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை நகராட்சியின் மாடு பிடிக்கிற வண்டி வந்தது. கூட வந்தவர் சானிட்டரி இன்ஸ்பெக்டர் மணவாளன்; நல்ல மனிதர், செல்போன்தான் அவருக்குச் சனி. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மேலேயிருந்து யாராவது கூப்பிடுவார்கள், இவர் வெயிலில் நிமிர்ந்து நின்று, "சரிங்க சார், செய்றேன் சார், வந்துடறேன் சார்" என்பார். தொட்டியடியில் ஒன்றும் தெரியவில்லையே என்று அவர் குழம்பவில்லை. பத்து வருஷம் மாடு பிடித்த ஆட்கள் கயிற்றை வீசினார்கள், கயிறு விறைத்து நின்றது, பிடித்தாயிற்று. வரிசையில் நின்ற பெண்கள் வண்டியை மறித்தார்கள். "எங்களுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான் சார்" என்று பரிமளா கெஞ்சிப் பார்த்தாள். மணவாளனுக்கும் மனசில்லைதான், ஆனால் அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. "சரிங்க சார்." வண்டி தன் நட்டுகளை ரோடெல்லாம் உதிர்த்துக்கொண்டு போயிற்று.

பிடித்த மாடுகளை அடைத்து வைக்கிற எங்கள் ஊர் மாட்டுப் பட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. சனிக்கிழமைக்குள் சொந்தக்காரர் வந்து அடையாளம் சொல்லி மாட்டை மீட்க வேண்டும். இல்லாவிட்டால் சந்தைக்கு ஓட்டிப்போய்விடுவார்கள், அங்கே அடிமாடு ஏற்றுகிற கேரளா லாரி காத்திருக்கும். எழுதி வாங்கிய வாக்குறுதிகளை ஜனங்கள் காற்றில் விட்டுவிட்டதால் மணவாளன் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார்: சொந்தக்காரர் மாட்டுக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, 'இனிமேல் அவிழ்த்துவிட மாட்டேன்' என்று மூன்று தரம், வாசலுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும். ஊரே சாட்சி. வெளியே நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் "கேக்கல" என்பார்கள், மறுபடி சொல்ல வேண்டும். இந்த வேடிக்கைக்காகவே சனிக்கிழமை காலையில் பட்டி வாசலில் கூட்டம் கூடும்.

அந்தச் சனிக்கிழமை காலனி முழுக்க அங்கேதான் இருந்தது. லாரி ஒன்று ஏற்கனவே வந்து நிழலில் நின்றது. உள்ளே, கட்டப்பட்ட இடத்தில் மாடு நடுங்கிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த நிஜ மாடுகள் மூன்று நாளாக வைக்கோலைத் தொட மாட்டோம் என்று நின்றன. செலின் முன்னால் வந்தாள், பின்னால் மோசஸ். அவள்தான் போய் அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள், பேசாமலே. தனபால் கொஞ்சம் தள்ளி, மகால் ஒப்பந்தத்துக்கு நேரமாகிறது என்று வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது உங்களுதா?" என்றார் மணவாளன். "அடையாளம் சொல்லுங்க. சில பேரு கொம்பு உடைஞ்சிருக்கும்பாங்க, சில பேரு நெத்தியில வெள்ளைம்பாங்க. இதுக்கு என்னா சொல்லுவீங்க?"

"மூணாவது சுத்துல ஒரு அடி விட்டுப்போவும் சார்" என்றான் மோசஸ். "என் தப்பு."

தனபால் திரும்பிப் பார்த்தான். "நீயா? இத்தினி வருஷமா நான்னு சொல்லிக்கினு இருந்தியேடா!"

மணவாளன் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையை உள்ளே விட்டுக் கேட்டார். வெளியே எடுத்தபோது மீசை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. "ஆமா, நொண்டுது" என்றார். "சரி, யாரோட குரலோ அவங்க கயித்தைப் பிடிங்க. மூணு தரம் சொல்லிட்டு ஓட்டிக்கினு போங்க."

செலின் கயிற்றைப் பிடித்தாள். சொன்னாள். மணவாளன் காதைச் சாய்த்தார்.

"கேக்கலயே!" என்றார்கள் வாசலுக்கு வெளியே நின்றவர்கள். எங்களைச் சொல்லாதீர்கள், காலனிக்காரர்கள் நாங்கள் வாயே திறக்கவில்லை. சந்தைக்கு வந்த வெளியூர்க்காரர்கள்.

மறுபடி சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்தது. "கேக்கல, கேக்கல!" லாரிக்காரன் இறங்கிப் பலகையைச் சாய்த்து வைத்தான். மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு அவளைவிட்டு விலகியது. அந்தக் கயிறு அவள் கையிலிருந்து போனால் மிச்சமுள்ள ஆயுசு முழுக்க அவளுக்கு 'ம்'தான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்போதுதான் எங்களுக்கும் தெரிந்தது, வெட்கமாக இருந்தது.

"நான் சொல்றேன் சார் அவளுக்காக" என்று தனபால் முன்னால் வந்தான். "அவளுக்குச் சத்தம் வராது."

"அதெல்லாம் முடியாதுங்க" என்றார் மணவாளன், வருத்தமாகத்தான்.

அப்போது கூட்டத்திலிருந்து கன்னியம்மா, மாட்டைப் பற்றி எங்கள் ஊரில் வேறு யார் பேசுவது, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினாள்: "ஏம்பா, வெறுமன கயித்தைப் பிடிச்சிக்கினு நின்னா வருமா? ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும். இதுகூட தெரியாதா உங்களுக்கு?"

மோசஸ் இரண்டு பக்கமும் பார்த்தான். மாடு கட்டுகிற முளைக்குச்சிகள் இரண்டைப் பிடுங்கினான், கவிழ்த்து வைத்திருந்த தகரத் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டான், எத்தனையோ வருஷமாகத் துணிக்கு மேல் தட்டிய கையால் வெறும் தகரத்தில் அடிக்க ஆரம்பித்தான். முதலில் கொஞ்சம் தடுமாறியது. பிறகு வேகம் பிடித்தது. பிறகு இன்னும் வேகம், பழைய வேகம், அதற்கும் மேலே. மாடு இழுப்பதை நிறுத்தியது. தகரம் நெளிந்தது, பட்டியின் தூண்களிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது, கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவரின் பல்செட் கழன்று கையோடு வந்தது, ஆனால் கிட்டார் இல்லாமல் அது பாதிச் சத்தம்தான் என்று எங்களுக்கே தெரிந்தது. செலின் புருஷனைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை; சொன்னாலும் 'ம்' என்றுதான் கேட்டிருக்கும், அவன் வேண்டியபடி அர்த்தம் எடுத்துக்கொண்டிருப்பான். ஆனால் அவள் கண்ணை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. தனபால் வாட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். பட்டியைச் சுற்றி நாலு வரிசையாக இழுத்துக் கட்டியிருந்த கம்பி வேலிக்குப் போனான், முள்ளைப் பார்க்காமல் கையை வைத்தான், ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தான். வேலி முழுக்க, பட்டியைச் சுற்றி வந்து, அலறியது. அவன் கையில் ரத்தம் வந்தது, முகத்தில் இருபத்திரண்டு வயசும் வந்தது.

மூன்றாவது சுற்றில் மோசஸ் வேண்டுமென்றே ஓர் அடியை விட்டான்.

அந்த ஒரு அடி இடைவெளியில் மாடு தலையைத் தூக்கி, நடந்து வந்து, செலினுக்குள் புகுந்தது. கயிறு தளர்ந்து தரையில் விழுந்ததை எல்லோரும் பார்த்தோம்.

"மாட்டேன்!" என்றாள் செலின்.

வாசல் வரைக்கும் கேட்டது. வெளியூர்க்காரர்கள் ஒரு காலைப் பின்னால் வைத்தார்கள்.

"மாட்டேன்!" யார்டில் ஷண்டிங் எஞ்சின் நின்றது.

மூன்றாவது 'மாட்டேன்' தனபாலைப் பார்த்துச் சொல்லப்பட்டது. அது ஊரைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி, குப்புராஜ் மகாலுக்குள் நுழைந்து, ஒப்பந்தத்தோடு காத்திருந்தவரின் கையிலிருந்து காபி டம்ளரைத் தட்டிவிட்டது. கம்பியில் கையை வைத்தபடியே தனபால் நின்றான். "அப்போ..." என்றான். "இவ்ளோ நாளா நீ சொன்னது..."

"ஆமாங்க" என்றாள் செலின். "எல்லாமே." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், ஆனால் லாரிக்காரன் வரைக்கும் கேட்டது. தனபால் தலையைக் குனிந்துகொண்டான். ரத்தம் வருகிற கையாலேயே மோசஸின் தோளைத் தொட்டான்.

மணவாளன் திருப்தியாகத் தொப்பியை மாட்டிக்கொண்டார். "போதும்மா. அவுத்து விட மாட்டேன்னு என் சர்வீஸ்ல யாரும் இவ்வளவு மனசாரச் சொன்னதில்ல. போய்ட்டு வாங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் செலின் தொட்டியடிக்கு வந்து, சேலையை உதறுகிற மாதிரி ஒரு உதறு உதறி, மாட்டை அவிழ்த்துவிட்டாள். அது பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்வாள், மற்ற நேரம் காலனிக்கு வேண்டியிருக்கிறதே. எட்டு மணிக்குள் வரிசை நின்றுவிட்டது. இன்ஸ்டிட்யூட் ஹாலில் மோசஸ் டிரம்ஸின் துணியை எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டான், தனபால் விரல்களில் பிளாஸ்திரியோடு சர்ச் கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தான், அபாயச் சங்கிலி என்ற பழைய பேனரை எங்களில் யாரோ ஒருவர் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அதில் அபாயத்தை மட்டும் எலி கடித்திருந்ததால் செலின் உட்கார்ந்து மறுபடி பெரிதாக எழுதினாள்.

பத்து மணிக்கு மணவாளன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். குப்புராஜ் விடுவாரா?

"ஏம்மா, ஊரே சாட்சியா மூணு தரம் சொன்னீங்க. இப்ப மறுபடி அவுத்து விட்டிருக்கீங்க. அவுத்து விட மாட்டேன்னு சொன்னீங்களா இல்லையா?"

செலின் குடத்தை நிமிர்த்தி வைத்தாள். "மாட்டேன்னுதான் சார் சொன்னேன். எதைன்னு நீங்க கேக்கவே இல்லையே."

வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். மணவாளன் அந்த மாட்டையே, அதாவது அந்த ஒன்றுமில்லாத இடத்தையே, பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் ஒரு நிமிஷம் உள்ள போய் வரட்டுமா?" என்று கேட்டார். விருந்தாளி என்பதால் வரிசையில் முதலில் விட்டோம். உள்ளே என்ன சொன்னார், யாரைத் திட்டினார் என்று எங்களுக்குத் தெரியாது. வெளியே வந்தபோது சட்டையின் மேல் பித்தான் இல்லை, கண் பளபளவென்று இருந்தது.

போன் அடித்தது. அவர் பழக்கத்தில் நிமிர்ந்து நின்றார். "சொல்லுங்க சார்... இன்னிக்கு ஞாயித்துக்கிழமை சார்... குப்புராஜா சார்... மாட்டையா சார்..." வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, வழக்கமான "சரிங்க சார்" வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

செலின் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கேக்கல சார்" என்றாள். "இன்னும் ரெண்டு தரம் சொல்லணும்."